பயம் இருக்கட்டும், பயிற்சியும் இருக்கட்டும்

2008 ஆகஸ்ட் 13. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டி. அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் குளத்தில் பாய்ந்தார். பாய்ந்தவுடனே அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியத் தொடங்கிவிட்டது.

குளத்தின் நீளம் 50 மீட்டர். நான்கு நீளம் நீந்தினால்தான் 200 மீட்டர். நீந்த நீந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. கடைசி நீளத்துக்குத் திரும்பியபோது ஒன்றுமே தெரியவில்லை. குளத்தின் அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோடு தெரியவில்லை. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்துத் தடத்தில் வருபவர் முந்துகிறாரா, பிந்துகிறாரா என்றும் தெரியவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பதறிப்போய் நடுவில் நின்றிருப்போம் என்றுதான் பலரும் சொல்வீர்கள். பெல்ப்ஸ் நிற்கவில்லை. தன் கைகள் எத்தனை முறை வீசுகின்றன என்று எண்ண ஆரம்பித்தார். ஒரு நீளத்தைக் கடக்கத் தனக்கு எத்தனை வீச்சு தேவை என்பது அவருக்கு மனப்பாடம். எண்ணிக்கொண்டே வந்து சுவரைத் தொட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். 1 நிமிடம் 52.03 விநாடி. தங்கப் பதக்கம்! அத்துடன் உலக சாதனை!

இது அதிர்ஷ்டமா? இல்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒரு பயிற்சியின் பலன். பெல்ப்ஸ் சிறுவனாக இருந்தபோதே அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்ததும், போட்டி முழுவதையும் மனத்துக்குள் ஒரு வீடியோ போல ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக நடக்கும் போட்டியை மட்டுமல்ல, ஏதாவது கெட்டுப்போகிற போட்டியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு போட்டிக்கு முன்பு, பெல்ப்ஸுக்குத் தெரியாமல் அவருடைய நீச்சல் கண்ணாடியைப் போமன் வேண்டுமென்றே மிதித்து விரிசல் விட வைத்தார்! அன்றும் பெல்ப்ஸ் கண்ணாடிக்குள் தண்ணீரோடுதான் நீந்தி முடித்தார். அதனால் பெய்ஜிங்கில் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தபோது, அது அவருக்குப் புதிய ஆபத்தாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சமாளித்த பழைய தொல்லையாகத்தான் தெரிந்தது.

உடலுக்குப் பயிற்சி உண்டு என்பது நமக்குத் தெரியும். மைதானத்தைச் சுற்றி ஓடுகிறோம், தண்டால் எடுக்கிறோம். மனத்துக்கும் அதேபோலப் பயிற்சி உண்டு. அதை ஆராய்வதற்கென்றே விளையாட்டு உளவியல் என்ற அறிவியல் துறை இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் 1925-லேயே இதற்காக ஓர் ஆய்வுக்கூடம் நடத்தினார். அந்தத் துறை கண்டுபிடித்த சில விஷயங்களைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

வயிற்றைக் கலக்குவது யார்?

ஓட்டப் பந்தயத்தில் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். விசில் ஊதப்போகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. வயிற்றைக் கலக்குகிறது. வாய் உலர்ந்துபோகிறது. 'எனக்குப் பயம் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று தோன்றுகிறது.

உண்மையில் உள்ளே நடப்பது இதுதான். மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 'ஏதோ முக்கியமானது நடக்கப்போகிறது' என்று தெரிந்தால் அது உடலை உஷார்ப்படுத்தும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி போகும். அவை அட்ரினலின் என்ற வேதிப்பொருளை இரத்தத்தில் கலக்கும். உடனே இதயம் வேகமாகத் துடிக்கும். கால் தசைகளுக்கு அதிக இரத்தம் பாயும். இப்போதைக்குச் செரிமானம் அவசரமில்லை என்பதால் வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறையும். அதனால்தான் வயிற்றில் அந்தக் கலக்கம்.

அப்படியானால் படபடப்பு என்பது உடல் நம்மைக் கைவிடுவதன் அடையாளம் இல்லை. ஓடுவதற்கு உடல் தயாராவதன் அடையாளம்! ஒலிம்பிக் வீரருக்கும் இதே அட்ரினலின்தான் சுரக்கிறது. பயமே இல்லாத வீரர் என்று யாரும் இல்லை. அந்தப் படபடப்போடு எப்படி வேலை செய்வது என்று கற்றுக்கொண்ட வீரர்கள்தான் இருக்கிறார்கள்.

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வழி, அதற்கு வேறு பெயர் வைப்பது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் சில சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். அறிமுகம் இல்லாதவர்கள் முன்னால் சிலரைப் பாடச் சொன்னார். பாடுவதற்குச் சற்று முன், ஒரு பிரிவினர் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். இன்னொரு பிரிவினர் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதி பிசகாமல் மேலும் நன்றாகப் பாடினார்கள். நெஞ்சு இரண்டு பிரிவினருக்கும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தத் துடிப்பை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் மாறியது.

இரண்டாவது வழி மூச்சு. இதை இப்போதே செய்து பாருங்கள். இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலக்கையின் இரண்டு விரல்களை வைத்து நாடித் துடிப்பைக் கண்டுபிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக விடுங்கள். சில முறை செய்யும்போது, மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரைவதையும், விடுகையில் சற்று நிதானமாவதையும் உணரலாம். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்துக்கு 'மெதுவாக, மெதுவாக' என்று அதிகமாகச் சொல்கிறது. 'துடிக்காதே' என்று இதயத்துக்கு நேரடியாகக் கட்டளையிட நம்மால் முடியாது. மூச்சை நீளமாக விட்டால், நமக்காக வேகஸ் நரம்பு அதைச் சொல்லிவிடும்.

கட்டிலில் படுத்தபடி ஒரு போட்டி

பெல்ப்ஸ் செய்த மன ஒத்திகைக்கு வருவோம். சும்மா கற்பனை செய்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 1992-ல் குவாங் யூ, கெல்லி கோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிலர் தங்கள் சுண்டுவிரலை நன்றாக அழுத்திச் சில வாரங்கள் பயிற்சி செய்தார்கள். வேறு சிலர் விரலை அசைக்கவே இல்லை. அழுத்துவதாக மனத்தில் நினைத்தார்கள், அவ்வளவுதான். முடிவில், உண்மையாகப் பயிற்சி செய்தவர்களின் விரல் வலிமை 30 சதவீதம் கூடியிருந்தது. நினைத்துப் பார்த்தவர்களுக்கும் 22 சதவீதம் கூடியிருந்தது!

தசை வளராமலே வலிமை எப்படிக் கூடும்? ஓர் அசைவைக் கற்பனை செய்யும்போது, அந்த அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பல, நிஜமாக அசையும்போது வேலை செய்வது போலவே வேலை செய்கின்றன. திரும்பத் திரும்பச் செய்தால், தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் திறமை மூளையில் கூடுகிறது. நிஜமாகப் பழக வேண்டிய அவசியமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிஜப் பயிற்சிக்குத்தான் முதலிடம். மன ஒத்திகை அதற்குத் துணை.

அதைச் செய்வதற்கும் முறை உண்டு. உங்களை நீங்களே தொலைக்காட்சியில் பார்ப்பது போலப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கண் வழியே என்ன தெரியும் என்று பாருங்கள். கபடி என்றால் காலுக்குக் கீழே மண்ணின் சூடு, எதிரணி கைகோத்து நிற்பது, உங்கள் மூச்சுப் பிடிப்பு எல்லாம் வர வேண்டும். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கற்பனையிலும் ஆகட்டும். ஒரு தடங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கால் வழுக்குகிறது, நடுவர் தவறாக விசில் ஊதுகிறார், மழை தூறுகிறது. அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் பார்த்து முடியுங்கள். ஜெயிப்பதாக மட்டும் கனவு காண்பது இனிமையான பொழுதுபோக்கு. தடங்கலைத் தாண்டுவதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

நம்பிக்கை எந்தக் கடையில் கிடைக்கும்?

'தன்னம்பிக்கையோடு போ!' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எங்கே போய் வாங்குவது என்று யாரும் சொல்வதில்லை. ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் சொன்னார். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவர். பாம்பைக் கண்டாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் ஆய்வுகள் செய்தார். 'பயப்படாதீர்கள்' என்று அறிவுரை சொல்லி அவர்களை அனுப்பிவிடவில்லை. விஷமில்லாத பாம்பை வேறொருவர் கையாள்வதை முதலில் பார்க்கச் செய்தார். பிறகு துணைக்கு ஆளோடு, ஒவ்வொரு படியாக, அவர்களையே நெருங்க வைத்தார். முடிவில் அவர்களில் பலர் பாம்பைக் கையிலேயே எடுத்தார்கள்!

இத்தகைய ஆய்வுகளிலிருந்து, 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் நான்கு இடங்களிலிருந்து வருவதாகப் பாண்டுரா 1977-ல் எழுதினார். முதலாவது, நாமே செய்து முடித்த அனுபவம். நான்கிலும் வலிமையானது இதுதான். இரண்டாவது, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. மூன்றாவது, நாம் நம்புகிற ஒருவர் சொல்லும் ஊக்கமான சொல். நான்காவது, நம் உடலின் படபடப்பை நாம் புரிந்துகொள்ளும் விதம்.

இதற்கு நம் ஊர்ப் பையன் ஒருவரையே பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 நவம்பரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகச் சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரெனுடன் மோதினார். அப்போது அவருக்கு வயது 18. மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே தோல்வி! உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு தொடக்கம் அமைந்தால் மனம் என்ன பாடுபடும்!

அந்தத் தோல்விக்குப் பிறகு மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது முன்னாள் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தைப் பார்த்ததாகக் குகேஷ் செய்தியாளர்களிடம் சொன்னார். தனக்கு 11 ஆட்டங்கள்தான் மீதி இருந்தன, உனக்கு 13 இருக்கின்றனவே என்று ஆனந்த் சொன்னாராம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2010-ல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் டோபலோவ் என்ற வீரருடன் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் ஆனந்தும் முதல் ஆட்டத்தில் தோற்றார். ஆனாலும் கடைசியில் 6.5–5.5 என்று வென்றார். பாண்டுரா சொன்ன இரண்டாவதும் மூன்றாவதும் அந்த ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? இதே நிலைமையில் இருந்து மீண்ட ஒருவர், அதைத் தன் வாயாலேயே சொல்கிறார்.

குகேஷ் மூன்றாவது ஆட்டத்தை வென்றார். 11-வதை வென்றார், 12-வதில் மறுபடி தோற்றார். கலங்கிப்போய்விடவில்லை. டிசம்பர் 12 அன்று 14-வது ஆட்டத்தை வென்று, 7.5–6.5 கணக்கில் உலக சாம்பியன் ஆனார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட உலக சாம்பியன்களிலேயே மிக இளையவர் அவர்தான். அந்தப் போட்டிக்குத் தயாரானபோது பாடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்க மனப் பயிற்சியாளர் அவருக்குத் துணையாக இருந்தார். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் பணியாற்றியவரும் அவரே. காய்களை நகர்த்தும் விளையாட்டுக்கும் மனப் பயிற்சி வேண்டியிருக்கிறது!

தெரிந்தது ஏன் தடுமாறுகிறது?

இன்னொரு சோதனை. ஒரு தாளில் உங்கள் பெயரை வழக்கம்போல வேகமாக எழுதுங்கள். அடுத்து, பேனா எங்கே வளைகிறது, விரல் எப்படி நகர்கிறது என்று ஒவ்வொரு சுழியையும் கவனித்துக்கொண்டே அதே வேகத்தில் எழுதப் பாருங்கள். எழுத்து கோணிப்போகிறதா?

பல்லாயிரம் முறை செய்த வேலையை மூளை தானாகவே செய்யப் பழகிவிடுகிறது. சைக்கிள் ஓட்டும்போது 'இப்போது இடது கால், இப்போது வலது கால்' என்று நாம் யோசிப்பதில்லை. முக்கியமான போட்டியில் 'தப்பு வந்துவிடக் கூடாது' என்ற பதற்றத்தில் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் தொடங்கினால், தானாக ஓடிக்கொண்டிருந்த வேலை தடுமாறும். அமெரிக்க ஆய்வாளர் சியான் பெய்லாக் கோல்ஃப் வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். தேர்ந்த வீரர்கள் தங்கள் கை அசைவைக் கவனித்து அடித்தபோது மோசமாக அடித்தார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கோ அந்தக் கவனம் உதவியது. அதனால் பயிற்சியின்போது அசைவைக் கவனியுங்கள். போட்டியின்போது இலக்கைக் கவனியுங்கள்.

கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற அறிவியலாளர், வீரர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று அளக்கும் கருவியை மாட்டி ஆராய்ந்தார். கூடைப்பந்தில் தனி எறிதலுக்கு முன், சிறந்த வீரர்களின் பார்வை வளையத்தின் ஓர் இடத்தில் அசையாமல் அதிக நேரம் நின்றது. மற்றவர்களின் பார்வை அங்கும் இங்கும் தாவியது. பார்வையை ஓரிடத்தில் நிறுத்துவது கவனத்தையும் ஓரிடத்தில் நிறுத்துகிறது.

இதையெல்லாம் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கி சுடும் இந்திய வீரர் அபினவ் பிந்த்ராவைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை வந்த பிந்த்ராவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். அடுத்த நான்கு ஆண்டுகள் துப்பாக்கியோடு மனத்தையும் பழக்கினார். மூளை அலைகளை அளக்கும் கருவியின் உதவியோடு மனத்தை நிதானப்படுத்தப் பயின்றார். பெய்ஜிங்குக்குப் போகும் முன் ஜெர்மனியில், உச்சியில் ஆடும் உயரமான கம்பம் ஒன்றில் ஏறினார். பாதியில் பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் உச்சிவரை ஏறினார். பயந்தபடியே ஒன்றைச் செய்து முடிக்க முடியும் என்று அவருடைய மூளைக்கு ஒரு சான்று கிடைத்தது.

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்று. ஒரே ஒரு குண்டு பாக்கி. பின்லாந்து வீரர் ஹென்ரி ஹாக்கினனும் பிந்த்ராவும் சம புள்ளியில் இருந்தார்கள். ஹாக்கினன் 9.7 சுட்டார். பிந்த்ரா 10.8 சுட்டார். எட்டக்கூடிய உச்சப் புள்ளி 10.9! ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் அது.

நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும்

மன வலிமை என்றால் எதற்கும் அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் இரண்டரைச் சுழற்சி செய்யத் தாவினார். ஒன்றரைதான் செய்ய முடிந்தது. அந்தரத்தில் தன் உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு நழுவிப்போயிருந்தது. தலைகீழாக விழுந்தால் கழுத்தே முறியலாம். அவர் அணிப் போட்டியிலிருந்து விலகினார். சிலர் குறை சொன்னார்கள். அவரோ ஓய்வெடுத்தார், மனநல ஆலோசகரிடம் பேசினார், பொறுமையாகத் திரும்பிவந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற பெல்ப்ஸும், தான் மனச்சோர்வால் துன்பப்பட்டதையும் உதவி கேட்டதால் மீண்டதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பல நாட்கள் மனம் கனத்தே இருந்தால், அம்மாவிடமோ அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். காலில் அடிபட்டால் சொல்வோம் அல்லவா, அதே மாதிரி இதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் பயிற்சி அட்டவணை

பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. தினமும் மைதானப் பயிற்சி. அதில் ஒரு நாளாவது வேண்டுமென்றே ஒரு தடங்கல்: நண்பர்கள் சுற்றி நின்று கூச்சல் போடட்டும்.

2. இரவு படுத்ததும் ஐந்து நிமிடம் மன ஒத்திகை. உங்கள் கண் வழியாக, நிஜ வேகத்தில், ஒரு தடங்கலோடு.

3. போட்டிக்கு முன் செய்யும் சின்ன வழக்கம் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நீளமாக மூன்று மூச்சு, 'உற்சாகமாக இருக்கிறது' என்று ஒரு வார்த்தை, இலக்கின் மேல் பார்வை. பயிற்சியிலும் தினமும் இதையே செய்தால்தான் போட்டியன்று கைகொடுக்கும்.

4. ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். 'நான் கெட்டிக்காரன்' என்று எழுத வேண்டாம். மூளை அதை நம்பாது. 'நேற்று மூன்று முறை கோட்டை விட்ட திருப்பத்தில் இன்று ஒருமுறைதான் தடுமாறினேன்' என்று எழுதுங்கள். நடந்ததை எழுதினால் மூளை மறுக்க முடியாது.

இவ்வளவும் செய்தால் முதல் பரிசு நிச்சயமா? அப்படி எந்த அறிவியலும் சொல்லாது. எதிரே ஓடுகிறவரும் பயிற்சி செய்துதானே வந்திருப்பார்! ஆனால் உங்களிடம் இருக்கும் திறமை, பதற்றத்தில் பாதி வழியில் நின்றுவிடாமல் முழுமையாக வெளியே வரும். நம்பிக்கை வந்த பிறகு முயற்சி செய்யலாம் என்று காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். முயற்சி முன்னால் போகும். நம்பிக்கை அதன் பின்னால் வந்து சேரும். நோட்டின் முதல் வரியை இன்று மாலை விளையாடி முடித்ததும் எழுதிவிடுங்கள்.